பிளாக்பஸ்டர்

பிளாக்பஸ்டர் என்பது இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை ஜெர்மனிமீது வீசிய பெருங்குண்டுகளுக்கு ஆங்கில இதழ்கள் சூட்டிய பெயர். 1942 முதல் அச்சில் காணப்படும் இச்சொல், இன்று வசூலைக் குவித்த திரைப்படத்தைக் குறிக்கிறது. தமிழ்ச் சினிமா சுவரொட்டிகளிலும் அது அப்பொருளிலேயே இடம்பெறுகிறது.

பெயர்க் காரணம்

நாற்புறமும் தெருக்கள் சூழ்ந்த வீட்டுத் தொகுதியை ஆங்கிலத்தில் 'பிளாக்' என்பர். 'பஸ்டர்' என்றால் தகர்ப்பது. ஒரே குண்டால் ஒரு வீட்டுத் தொகுதியையே தகர்க்கலாம் என்பது பெயரின் பொருள். விமானப்படையினர் இக்குண்டை 'குக்கி' என்றே அழைத்தனர். ஜெர்மானியர் 'லுஃப்ட்மீனே' (வான் கண்ணி) என்றும் 'வோன்பிளாக்க்னாக்கர்' (குடியிருப்புத் தொகுதித் தகர்ப்பான்) என்றும் குறிப்பிட்டனர். இரண்டாவது பெயரில் வரும் 'வோன்' என்ற முன்னொட்டு மனிதர் குடியிருப்பதைக் குறிக்கும். ஆங்கிலப் பெயரில் கட்டடம் மட்டுமே உண்டு, குடியிருப்பவர்கள் இல்லை.

அமைப்பும் பயன்பாடும்

முதல் பிளாக்பஸ்டரின் எடை 4,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,800 கிலோ. மெல்லிய எஃகுக் கூடு கொண்ட அதன் எடையில் முக்கால் பங்கு வெடிமருந்து. கூர்முனையற்ற உருளையாக, பெரிய தண்ணீர் பீப்பாய் போல அது காட்சியளித்தது. 1941 மார்ச் 31 இரவில் எம்டன் துறைமுக நகரில் முதன்முதலாக வீசப்பட்டது. பின்னர் 8,000, 12,000 பவுண்டு வகைகளும் உருவாயின.

இக்குண்டு மண்ணைத் துளைத்துச் செல்வதற்காகச் செய்யப்பட்டதன்று. அதன் அதிர்வலை கூரை ஓடுகளைப் பெயர்த்து, கதவு, ஜன்னல்களைப் பிளந்தது. திறந்துகிடந்த வீடுகளுக்குள் சிறிய தீக்குண்டுகள் விழுந்து நெருப்பு மூட்டின. 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இந்த முறையில் நடந்த தாக்குதல்களில்தான்.

இதழ்களிலிருந்து திரைக்கு

குண்டின் எடையைப் பவுண்டுக் கணக்கில் சொன்னால் வாசகர் மனத்தில் எதுவும் பதியாது. வீட்டுத் தொகுதியைக் கணக்காக்கியதும் அதன் வலிமை உடனே விளங்கியது. தலைப்புக்கேற்ற சுருக்கமும் ஓசையும் கொண்டிருந்ததால் சொல் வேகமாகப் பரவியது. ஆனால் அது வானிலிருந்து பார்ப்பவரின் சொல். கீழே நிலவறைகளில் பதுங்கியிருந்தவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் விளம்பரத்துக்கு அது அவ்வளவு எளிதாகக் கைமாறியது.

போர் முடியும்வரைகூட விளம்பரத்துறை காத்திருக்கவில்லை. விமானத்திலிருந்து குண்டு வீசும் வீரர்களைப் பற்றிய 'பாம்பர்டியர்' படத்தை 1943இல் வெளியிட்ட ஆர்.கே.ஓ. நிறுவனம், தன் விளம்பரத்தில் அப்படத்தையே பிளாக்பஸ்டர் என்றது. 1951இல் 'குவோ வாடிஸ்' படத்தின் வசூலைக் குறிக்க 'வெரைட்டி' இதழ் அச்சொல்லைக் கையாண்டது. 1975இல் வெளியான 'ஜாஸ்' படத்துக்குப் பிறகு அது திரைத்துறையின் அன்றாடச் சொல்லாயிற்று. ரசிகர்களின் வரிசை ஒரு வீட்டுத் தொகுதியையே சுற்றி நின்றதால் வந்த பெயர் என்ற விளக்கம் பிற்காலக் கற்பனை.

இன்றும் கிடைக்கும் குண்டுகள்

வெடிக்காமல் மண்ணில் புதைந்த பிளாக்பஸ்டர்கள் ஜெர்மனியில் இன்னும் கண்டெடுக்கப்படுகின்றன. 2016 கிறிஸ்துமஸ் நாளில் ஆக்ஸ்பர்க் நகரில் அத்தகைய ஒரு குண்டுக்காக ஏறத்தாழ 54,000 பேர் வெளியேற்றப்பட்டனர். 2017 செப்டம்பர் 3 அன்று பிராங்க்பர்ட்டில் கட்டுமான மனையில் கிடைத்த 4,000 பவுண்டு குண்டுக்காகச் சுமார் 60,000 பேர் வீடுகளைவிட்டு நீங்கினர். இரண்டு மருத்துவமனைகளின் நோயாளிகளும் இடம் மாற்றப்பட்டனர். குண்டு செயலிழக்கச் செய்யப்பட்டதும் மக்கள் வீடு திரும்பினர். ஒரு 'பிளாக்' என்பதற்குள் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதை, 1942இன் செய்தித் தலைப்புகள் சொல்லாமல் விட்டதை, அந்த ஒரு நாள் எண்ணிக் காட்டியது.