பங்கர் எண்டால் மணல் குழி

கோல்ஃப் மைதானங்களுக்கு வரைபடம் கீறுற ஒரு செயலியை நண்பன் ஒருத்தன் காட்டினான். செய்மதிப் படத்தைத் திறந்து, கிறீன் எங்க, தண்ணி எங்க, பங்கர் எங்க எண்டு விளிம்பைச் சுற்றிப் புள்ளி வைக்க வேணும். 'பங்கர்' எண்ட பொத்தானில என்ர கை நிண்டுட்டுது. எங்கட ஆக்களுக்குப் பங்கர் எண்டால் ஷெல்லுக்குப் பயந்து குனிஞ்சு இறங்கின குழி. கோல்ஃபில அது பந்து விழுந்தால் எடுக்கக் கஷ்டமான மணல் குழி. சொல்லுக்குள்ள மூத்தது கோல்ஃப்தான். ஸ்கொட்லாந்துக்காரர் 19ஆம் நூற்றாண்டிலேயே மணல் குழியை அப்படிச் சொன்னார்கள். போர் அதைக் கடன் வாங்கியது பிறகு.

நான் எடுத்தது கொழும்பு றோயல் கோல்ஃப் கழகத்தின் மைதானம். 1879இல் வெள்ளைக்காரர் காலிமுகத்திடலில் விளையாடத் தொடங்கி, 1896இல் பொரளைப் பக்கம் போனார்கள். களனிவெளி ரயில் பாதை மைதானத்துக்கு நடுவால ஓடுது. மேலிருந்து பார்க்க, பச்சைத் துணியில இழுத்த தையல் மாதிரி.

கோல்ஃப் ஆடுறவருக்கு வேண்டியது ஒரே ஒரு கணக்கு: நிற்கிற இடத்திலிருந்து கிறீனின் முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு எவ்வளவு தூரம்? ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் இடையில வித்தியாசம் ஏறக்குறைய 10 யார்தான். முந்தி 150 யாரில நட்ட கட்டையும், பை தூக்குற கடியின் அனுபவமும்தான் துணை. 1961இல் ஜக் நிக்லஸ் அமெரிக்க அமெச்சூர் போட்டிக்கு முன் மைதானத்தைக் காலால அளந்து குறிப்பெடுத்து வைத்திருந்தார். வென்றதும் அவர்தான்.

செய்மதியால இதை அளக்கலாம் எண்டால், ஏன் 2000 வரைக்கும் பெரிசா நடக்கேல்லை? ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவத்தின் சொத்து. முதல் செய்மதி 1978இல் போனது. 1983இல் வழிதவறிய கொரிய விமானத்தைச் சோவியத் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்த பிறகுதான், பொதுமக்களுக்கும் இதைத் தருவோம் எண்டு றேகன் அறிவித்தார். ஆனால் தந்தது வேணுமெண்டே கலக்கிய சைகை. 100 மீற்றர் வரை பிழைக்கும். ஒரு கிறீனே அதில தொலைஞ்சு போகும். 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளின்டன் அந்தக் கலக்கலை நிறுத்தினார். ஒரே இரவில சாதாரண கருவியின் பிழை 10, 20 மீற்றருக்குள் வந்தது.

படத்தின் கதையும் அதே மாதிரித்தான். 1960களில் உளவுச் செய்மதிகளின் படங்கள் இரகசியம். 1972இல் வந்த லாண்ட்சற் எல்லாருக்கும் திறந்தது, ஆனால் மைதானம் அதில சில புள்ளிகள்தான். 1999இல் மேலே போன ஐகோனோஸின் ஒரு மீற்றர் துல்லியப் படங்கள் 2000இல் விற்பனைக்கு வந்தன. 2005இல் கூகிள் ஏர்த் வந்ததும் வீட்டில இருந்தபடி ஆரும் விளிம்பு கீறலாம் எண்டாச்சு. 2006இலிருந்து தூரம் அளக்கும் கருவிகளைக் கழகங்கள் விரும்பினால் அனுமதிக்கலாம் எண்டு கோல்ஃப் விதியும் இடம் விட்டது.

கீறிப் பார்த்தால்தான் சிக்கல் விளங்கும். பாகையின் ஐந்தாம் தசம தானம் இங்க ஏறக்குறைய ஒரு மீற்றர். படமே சில மீற்றர் தள்ளிப் பதிஞ்சிருந்தால் நீங்கள் எவ்வளவு கவனமாகக் கீறியும் பயனில்லை. தூரமும் அந்தளவு பிழைக்கும். செய்மதி சரிவாகப் பார்த்த படத்தில் மரங்கள் ஒரு பக்கம் சாயும், நிழல் கிறீனின் விளிம்பைத் தின்னும். அதனால சில நிறுவனங்கள் இன்னமும் ஆளை அனுப்பி, கருவியோடு கிறீனைச் சுற்றி நடக்க வைக்கின்றன.

இதே மாதிரிப் படங்களைத்தான் 2009 மே மாதம் வேற ஆக்கள் பெரிசாக்கிப் பார்த்தார்கள். அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் முள்ளிவாய்க்கால் பக்கத்துப் படங்களில் மே 6ஐயும் மே 10ஐயும் ஒப்பிட்டு, ஷெல் குழிகளையும் காணாமல் போன கொட்டில்களையும் குறித்தது. 2011இல் ஐ.நா. செயலாளரின் நிபுணர் குழு அறிக்கையும் செய்மதிப் படங்களைப் பயன்படுத்தியது. வட்டமான குழி, அதன் விளிம்பு, ஒரு புள்ளி. நான் பொரளையில செய்யிற அதே வேலை.

மேலிருந்து குழி தெரியும், தறப்பாள் தெரியும். தறப்பாளுக்குக் கீழ எத்தனை பேர் எண்டு தெரியாது. நிபுணர் குழுவுக்கு இலங்கைக்கு வந்து அந்த மண்ணில நடந்து பார்க்கக் கிடைக்கேல்லை. கோல்ஃப் கிறீனுக்கு ஆளை அனுப்புறார்கள்.

என்ர வரைபடத்தில 18 குழிகளில 11தான் முடிஞ்சிருக்கு. மிச்சத்துக்கு ஒரு நாள் ரயிலில போய், பாதை மைதானத்தைத் தொடுற இரண்டு இடத்திலயும் கைத்தொலைபேசியால புள்ளி எடுத்து, படம் எவ்வளவு தள்ளியிருக்கு எண்டு பார்க்க வேணும்.