நார்விச் நகரின் நினைவுக் கோப்பை

ஓட்டப் பந்தயத்தில் முந்தி வந்தவருக்கு முதற்பரிசு அளிப்பதில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. பதினொருவர் கூடி ஆடும் காற்பந்தாட்டத்தில், "இவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் இவரே" என்று ஒருவரைச் சுட்டுவது அத்துணை எளிதன்று. கோல் போட்டவர் சிறந்தவரா? அதற்கு வாகாகப் பந்தைத் தள்ளிக் கொடுத்தவரா? எதிரியின் பந்தை எல்லையிலேயே மறித்துத் திருப்பியவரா? இவ்வினாவினும் கடினமானது இன்னொன்று உண்டு: இதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது?

இங்கிலாந்தில் 1948-இல் பத்திரிகையாளர்கள் அவ்வுரிமையை ஏற்றனர். காற்பந்து எழுத்தாளர் சங்கம் அளித்த முதல் விருது ஸ்டான்லி மாத்யூஸுக்குக் கிட்டியது. 1956-இல் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று ஏற்படுத்திய தங்கப் பந்து விருதையும் முதலில் பெற்றவர் அவரே. 1974 முதல் தொழில்முறை ஆட்டக்காரர்கள் தமக்குள் வாக்களித்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாயினர். முன்னவர் அறிஞர் தீர்ப்பு. பின்னவர் சகதொழிலாளர் தீர்ப்பு. மூன்றாவதாக ஒரு தீர்ப்பும் உண்டு. அது, மழையிலும் குளிரிலும் நின்று ஆட்டத்தைக் கண்டு, வென்றால் மகிழ்ந்தும் தோற்றால் வாடியும் வீடு திரும்பும் ரசிகரின் தீர்ப்பு. அத்தகைய விருது ஒன்றின் வரலாற்றை இங்கே காண்போம்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், நார்ஃபோக் மாவட்டத்தின் தலைநகராய் விளங்குவது நார்விச். எழுத்தில் நார்விச் ஆயினும், அவ்வூரார் 'நாரிச்' என்றே ஒலிப்பர். பதினாறாம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து அடைக்கலம் தேடி வந்த நெசவாளர்கள், தறியோடு கானரிப் பறவைகளை வளர்க்கும் பழக்கத்தையும் அங்கே கொணர்ந்தனர் என்பர். 1902-இல் தோன்றிய நார்விச் நகரக் காற்பந்துக் கழகத்திற்கு அப்பறவையே சின்னமாயிற்று; அதன் மஞ்சளும், உடன் பச்சையும் ஆட்டக்காரரின் உடையில் ஏறின. கழகத்தினரை 'கானரிகள்' என்றே மக்கள் அழைக்கின்றனர்.

இக்கழகத்திற்கு 1957-இல் வந்து சேர்ந்தவர் பாரி பட்லர். 'சென்டர் ஹாஃப்' எனப்படும் நடுக் காப்பு நிலையில் ஆடியவர். 1959-ஆம் ஆண்டில், மூன்றாம் பிரிவில் இருந்த நார்விச், புகழ் வாய்ந்த எஃப். ஏ. கோப்பைப் போட்டியில் மான்செஸ்டர் யுனைட்டெட் அணியை 3-0 என்று வென்று, அரையிறுதி வரை சென்று நாட்டையே வியக்க வைத்தது. அவ்வணியின் காப்பரணாக நின்றவர் பட்லர். பின்னர் அணித் தலைவராகவும் விளங்கினார். 1966 ஏப்ரல் மாதத்தில், ஒரு மோட்டார் விபத்தில் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 31.

இறந்தவரை நினைவுகூரப் பல வழிகள் உள. சிலை எழுப்பலாம், தெருவிற்குப் பெயரிடலாம். நார்விச் கழகத்தார் வேறொன்று செய்தனர். ஒவ்வோர் ஆட்டப் பருவத்தின் முடிவிலும், ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிறந்த ஆட்டக்காரருக்கு 'பாரி பட்லர் நினைவுக் கோப்பை' வழங்குவதென முடிவாயிற்று. 1967-இல் முதன்முதலாக அதனைப் பெற்றவர் டெர்ரி ஆல்காக். 1959-இன் அரையிறுதிப் பயணத்தில் பட்லருடன் தோளோடு தோள் நின்றவர். கழகத்திற்காக 127 கோல்கள் போட்டவர். தோழனின் பெயர் பொறித்த கோப்பையைக் கையில் வாங்கிய அந்நேரத்தில் அவர் உள்ளம் மகிழ்ந்ததோ, கலங்கியதோ, அவரே அறிவார்.

நம் நாட்டிற்கும் இக்கோப்பைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1973, 1974 ஆகிய ஈராண்டுகளிலும் இதனை வென்ற கெவின் கீலன் என்னும் கோல் காவலர், 1941-இல் நமது கல்கத்தாவில் பிறந்தவர். 1963-இல் நார்விச் சேர்ந்து, 1980 வரை 673 ஆட்டங்களில் அக்கழகத்தின் கோலைக் காத்தார். அவ்வெண்ணிக்கையை அங்கே எவரும் எட்டியதில்லை. சேர்ந்த புதிதில் அவருக்கு முன் நின்று காத்தவர் பட்லரே. யாருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு ஆடினாரோ, அவர் பெயரிலேயே பிற்காலத்தில் பரிசு பெற்றார். அவர் இரண்டாம் முறை வென்ற 1974-இல் நார்விச் முதற் பிரிவில் கடைசி இடம் பெற்றுக் கீழிறங்கியது என்பதையும் மறத்தலாகாது. தோற்கும் அணியில் கோல் காவலருக்கே வேலை மிகுதி. பட்டியலின் அடியில் கிடந்த அணியிலும், கடமை தவறாதவர் யார் என்பதை ரசிகர்கள் கண்டுகொண்டனர்.

ரசிகர் வாக்கு நம்பத் தக்கதா என்று கேட்போர் உண்டு. கோல் போடுபவரே கண்ணில் படுவார், கடைசி வாரங்களின் ஆட்டமே நினைவில் நிற்கும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பட்டியலைப் புரட்டினால் வேறொரு காட்சி தோன்றுகிறது. டங்கன் ஃபோர்ப்ஸ், டேவ் ஸ்டிரிங்கர், டேவ் வாட்சன், ஸ்டீவ் புரூஸ் ஆகியோர் பின்னின்று காத்தவர்கள். கீலன், கிறிஸ் உட்ஸ், பிரையன் கன் ஆகியோர் கோல் காவலர்கள். புரூஸ் வென்ற 1985-ஆம் ஆண்டில், நார்விச் லீக் கோப்பையை வென்றதோடு, அதே பருவத்தில் முதற் பிரிவிலிருந்தும் விழுந்தது. மகிழ்ச்சியும் துயரமும் ஒரே ஆண்டில் வந்தபொழுதும், தேர்ந்தெடுக்கும் கண் தடுமாறவில்லை.

பிரையன் கன்னின் வரலாறு நெஞ்சை உருக்குவது. 1992 அக்டோபரில், இரண்டு வயதே நிரம்பிய அவருடைய மகள் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். சில நாட்களிலேயே அவர் மீண்டும் கோல் முன் வந்து நின்றார். புதிதாகத் தொடங்கிய பிரிமியர் லீக்கின் அம்முதற் பருவத்தில், நார்விச் மூன்றாம் இடம் பெற்றது. அக்கழகம் எய்திய மிக உயர்ந்த நிலை அதுவே. 1993-இல் கோப்பை கன்னுக்கு உரியதாயிற்று. அவர் தடுத்த பந்துகளை மட்டும் எண்ணி மக்கள் வாக்களித்தனரா? அல்ல என்றே கருதலாம். இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென அவரும் மனைவியாரும் நிதி திரட்டத் தொடங்கியபொழுது, அதே மக்கள் தம் பணப்பையைத் திறந்தனர்.

இருவர் பெயரை அருகருகே வைத்துப் பார்ப்பதும் பயனுடையது. 1976, 1977-இல் வென்ற மார்ட்டின் பீட்டர்ஸ், 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக்காகக் கோல் போட்ட வீரர். 2010 முதல் 2012 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து வென்ற கிரான்ட் ஹோல்ட், இளமையில் டயர் தொழிற்சாலையில் உழைத்தவர். மூன்றாம் நிலைக்குத் தாழ்ந்திருந்த நார்விச், 2009 ஆகஸ்டில் முதல் ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் 7-1 என்று தோற்றது. அவ்வணி இரண்டே பருவங்களில் பிரிமியர் லீக் ஏறியது. ஏற்றத்தின் முன்னணியில் நின்றவர் ஹோல்ட். உலக வெற்றி வீரருக்கும் தொழிலாளிக்கும் அக்கோப்பை ஒரே எடையுடையதாகவே இருந்தது.

நம் நாட்டிலும் மோகன் பகான் கழகம் 2001 முதல் 'மோகன் பகான் ரத்னா' வழங்கி வருகிறது. முதலில் பெற்றவர், 1951 ஆசிய விளையாட்டுக்களில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் சைலன் மன்னா. அது வாழ்நாள் தொண்டுக்கு அளிக்கப்படுவது. நார்விச் கோப்பையோ ஓராண்டு உழைப்புக்கு அளிக்கப்படுவது. ஓராண்டுக்கு உரியதாயினும், அதன் நினைவு ஓராண்டில் மாய்வதன்று.

போரில் வீழ்ந்த வீரனுக்கு நம் முன்னோர் கல் நட்டு, அவன் பெயரும் பீடும் எழுதினர். அக்கல் ஒரே இடத்தில் நிற்கும்; வழிப்போக்கர் நின்று படித்தால் உண்டு. பட்லரின் கோப்பை ஆண்டுதோறும் கை மாறுகிறது. இன்று வாக்களிப்பவருள் அவர் ஆடக் கண்டவர் மிகச் சிலரே. "பட்லர் என்பவர் யார்?" என்று ஒரு சிறுவன் தன் தந்தையைக் கேட்கக் கூடும். தந்தை தன் தந்தையிடம் கேட்டறிந்ததைச் சொல்லக் கூடும். 31 வயதில் மறைந்த ஒருவர், அறுபதாண்டுகள் கழிந்தும் ஒவ்வொரு பருவ முடிவிலும் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார். பரிசு பெறுபவருக்கு மட்டுமன்றி, பரிசின் பெயருக்கும் அது பெருமையே அன்றோ!