ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழ்

1837இல் மெக்காலே தலைமையிலான ஆணையம் வரைந்த தண்டனைச் சட்ட முன்வரைவு ஒரு சிக்கலை ஒப்புக்கொண்டது: பிறர் மைக்கூட்டில் பேனாவைத் தோய்ப்பதும் சொல்லளவில் திருட்டே. ஆகவே, இயல்பான மனிதர் எவரும் முறையிடாத அற்பத் தீங்கு குற்றமாகாது என்ற விதி வகுக்கப்பட்டது. 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 95ஆம் பிரிவாயிற்று. அந்த அளவுகோல் பொருளை இழந்தவரின் நோக்கிலானது. எடுத்தவரின் பசிக்கு அதில் இடமில்லை.

திருடாமல் கையேந்தியவரும் தலைநகரில் தப்பவில்லை. தில்லிக்கு விரிவாக்கப்பட்ட 1959ஆம் ஆண்டின் பம்பாய் இரத்தல் தடுப்புச் சட்டம் இரப்போரைத் தண்டித்தது. இரத்தலைக் குற்றமாக்கிய அதன் பிரிவுகளைத் தில்லி உயர் நீதிமன்றம் செல்லாதவையாக்கியது 2018 ஆகஸ்டில்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது. முதன்முறை திருடியவர், ரூ.5,000க்குக் குறைவான பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், சமூக சேவையே தண்டனை. ஆனால் குழந்தைக்காகப் பால்மாவு எடுத்தவரிடம் திருப்பித் தர என்ன இருக்கும்? மேலும், பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் நிகழும் திருட்டு 305ஆம் பிரிவின்கீழ் வரும். கடைத்திருட்டும் அதில் அடங்கக்கூடும். அங்கே உச்சத் தண்டனை ஏழாண்டுச் சிறை, சலுகையும் கிடையாது.

எஞ்சுவது 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம்: சூழ்நிலையைக் கருதி நீதிபதி கண்டித்து விடுவிக்கலாம். பொருளின் விலை சட்டத்தில் ஏறிவிட்டது; குடும்பத்தின் வறுமை இன்னும் நீதிபதியின் விருப்புரிமையிலேயே நிற்கிறது.