சர்ப்பகந்தியும் மனச்சோர்வுச் சோதனைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, சதுரகிரியை உள்ளடக்கி நீளும் மலைத்தொடர் மூலிகைகளுக்குப் பெயர் பெற்றது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக விளங்குவது. இத்தகைய மலைகளின் மூலிகைச் சாறுகளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதிப்போர், தம் முடிவை ‘மனச்சோர்வு நீக்கி போன்ற விளைவு’ என்று எழுதுவது ஆய்வு மரபு. அத்தொடரிலுள்ள ‘போன்ற’ என்னும் சொல் ஏன் இன்றியமையாதது என்பதை, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் சர்ப்பகந்தியின் வரலாறு கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வேரிலிருந்து ரிசர்பின்

மனக்கலக்கத்திற்கும் உறக்கமின்மைக்கும் இந்திய மருத்துவ மரபில் பயன்பட்டது சர்ப்பகந்தி வேர். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இதன் பயனை மருத்துவ இதழில் எழுதினர். உயர் இரத்த அழுத்தத்தை இது தணிப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் 1949இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழ் வழியே உலகறியச் செய்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் இவ்வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தனர்.

ஆய்வகத்தில் ரிசர்பின்

ரிசர்பின் மூளையின் செரோடோனினைக் குறைப்பது 1955இல் தெரியவந்தது. ரிசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்கள் எல்-டோபா செலுத்தியதும் மீண்டும் இயங்கியதை 1957இல் அர்வித் கார்ல்சன் காட்டினார். இரத்த அழுத்தத்திற்காக ரிசர்பின் உட்கொண்டோர் சிலர் மனச்சோர்வுற்றதாகவும் மருத்துவர்கள் எழுதினர். இவை இணைந்தபோது, ரிசர்பின் செலுத்தப்பட்ட விலங்கு மனச்சோர்வின் மாதிரியாகக் கொள்ளப்பட்டது. அவ்விலங்கின் உடல்வெப்பக் குறைவையும் இமைத் தொய்வையும் இமிப்ரமின் தடுத்தது. ஆகவே புதிய மருந்துகளை இனங்காணும் சோதனையாக இது நிலைபெற்றது.

மனிதரிடம் கண்ட முரண்

எனினும் 1955இலேயே டேவிஸும் ஷெப்பர்டும் லான்செட் இதழில் மாறான முடிவொன்றை வெளியிட்டிருந்தனர். போலி மருந்துடன் ஒப்பிட்ட அவ்வாய்வில், பதற்றமும் மனச்சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு ரிசர்பின் நலமே பயத்தது. ஆகவே, ரிசர்பின் மனச்சோர்வை உண்டாக்கும் என்னும் கருத்து மனிதரிடத்தில் ஐயத்திற்கிடமானது. அதன்மேல் எழுந்த சோதனையோ தொடர்ந்தது. அது அளந்தது இமையையும் வெப்பத்தையுமே, துயரத்தை அன்று. 1977இல் போர்சால்ட் குழுவினர் வெளியிட்ட கட்டாய நீச்சல் சோதனைக்கும் இந்த வரம்பு உண்டு. நீந்துவதை நிறுத்திய எலி நம்பிக்கை இழந்ததா, ஆற்றலைச் சேமிக்கிறதா என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை.

முடிவுரை

இச்சோதனைகள் பயனற்றவை அல்ல. எந்தச் சாற்றை மேலும் ஆராயலாம் என்று அவை சுட்டுகின்றன. ஆனால் ஆய்வேட்டிலிருந்து விளம்பரத்திற்குச் செல்லும் வழியில் ‘போன்ற’ என்பது உதிர்ந்துவிட்டால், எலியிடம் கண்டது நோயாளிக்கான வாக்குறுதியாகிவிடும். அதை நம்பித் தம் சிகிச்சையைக் கைவிடுபவர் இழப்பது பெரிது. ஒரு மூலிகையின் பெருமையை, அதன் சான்று எட்டிய எல்லைக்குள் நின்று கூறுவதே அம்மூலிகைக்கும் மரபுக்கும் செய்யும் நீதி.