தாது வருடம் முதல் நூறு நாள் வேலை வரை: பஞ்ச நிவாரணப் பணிகளின் வரலாறு

வேலை இழந்தோரை அரசே பொதுப்பணிகளில் அமர்த்திக் கூலி கொடுக்கும் ஏற்பாடு, சுதந்திர இந்தியாவின் மக்களாட்சி தந்த புதுமை என்று கருதப்படுவதுண்டு. ஆயினும் அதன் நிர்வாக உறுப்புகளான வருகைப் பதிவேடு, தோண்டிய மண்ணை அளந்து கூலி கணக்கிடும் முறை, உடல் வலுவைக் கொண்டு உழைப்பாளிகளைத் தரம் பிரித்தல் ஆகியவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெரிதும் சென்னை மாகாணத்தை அழித்த 1876–78 ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போதும் அதை அடுத்து எழுந்த விவாதங்களின்போதும் உருப்பெற்றவை. தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் நினைவுகூரும் அந்தப் பேரழிவில், பசித்தவனுக்கு வேலை கொடுப்பது அவனைக் காப்பதற்காகவா, அவனுடைய பசி மெய்தானா என்று சோதிப்பதற்காகவா என்ற கேள்வி முதன்முறையாக வெளிப்படையாக எழுந்தது. அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகளாக இயற்றப்பட்ட விதிகளும் சட்டங்களும் அக்கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட அரைகுறை விடைகளே.

பஞ்ச காலத்தில் மன்னன் மக்களுக்கு வேலை தருவது இந்தியாவில் பழைய மரபுதான். உணவு வழங்கி அதற்கு ஈடாகக் கோட்டைகளையும் நீர்நிலைகளையும் கட்டுவிக்கலாம் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பஞ்ச நிவாரண வழிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. 1784 இல் அவத் நவாப் ஆசஃப் உத் தௌலா லக்னோவில் எழுப்பிய பெரிய இமாம்பாரா, பஞ்சத்தில் வாடிய மக்களுக்குப் பிழைப்பளிக்கத் தொடங்கப்பட்டது என்பது மரபுவழிச் செய்தி. சென்னையிலோ, 1782 ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றும் இடமாகத் தோன்றிய மணியக்காரர் சத்திரம் பிற்காலத்தில் மருத்துவமனையாக வளர்ந்து, இன்றைய ஸ்டான்லி மருத்துவமனைக்கு மூலமாயிற்று. இவையெல்லாம் ஆள்வோரின் கொடை என்ற வகையைச் சார்ந்தவை. கொடுப்பவரின் மனமும் கருவூலமும் அனுமதிக்கும் அளவே அவற்றின் எல்லையாக இருந்தது.

ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்தது வேறு வகையானது. இங்கிலாந்தின் 1834 ஆம் ஆண்டு ஏழையர் சட்டம், அரசு உதவியில் வாழ்பவரின் நிலை, தானே உழைத்துப் பிழைக்கும் மிக ஏழைத் தொழிலாளியின் நிலையைவிடத் தாழ்ந்ததாகவே இருக்க வேண்டும் என்னும் கோட்பாட்டை நிறுவியிருந்தது. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்தபின் 1846–47 இல் ஏழு லட்சம் பேர்வரை சாலைப் பணிகளில் அமர்த்தப்பட்டபோது, பசியால் தளர்ந்த உடல்களிடமிருந்து அளவு குறித்த உழைப்பைக் கறப்பதன் கொடுமை கண்கூடாக வெளிப்பட்டு, இறுதியில் அப்பணிகள் கைவிடப்பட்டுக் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. அந்தப் பாடத்தின் பிற்பகுதியை மறந்து முற்பகுதியை மட்டும் சென்னைக்கு எடுத்துவந்தார்கள் என்று சொல்வது மிகையாகாது.

1876 இல் இரு பருவமழைகளும் பொய்த்தபோது பல்லாரி, கர்னூல், கடப்பை, வட ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர் உள்ளிட்ட மாவட்டங்களில் முதலில் மறைந்தது தானியம் அன்று, வேலை. உழவு நின்றதும் நிலமற்ற கூலியாட்களின் வருவாய் அற்றுப்போயிற்று. உழவர் துணி வாங்குவதை நிறுத்தியதும் நெசவாளரின் தறி ஓய்ந்தது. வண்டியோட்டிகளும் குயவரும் தச்சரும் அவர்களைத் தொடர்ந்தனர். இருப்புப்பாதை வழியாகத் தானியம் வந்து சேர்ந்த இடங்களிலும் அதை வாங்கக் காசில்லாதவர்களே பெரும்பாலோராக இருந்தனர். பஞ்சம் என்பது உணவுப் பற்றாக்குறை மட்டுமன்று, உணவை வாங்கும் ஆற்றலின் இழப்பும் ஆகும் என்று பிற்காலப் பொருளியல் அறிஞர்கள் விளக்கிய உண்மையை அன்றைய வட்டார அதிகாரிகள் பலர் தம் கண்ணால் கண்டிருந்தனர். பணிகளைத் திறக்க அவர்கள் விரைந்ததற்கு அதுவே காரணம்.

அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன், 1876 இன் இறுதியில் 30,000 டன் தானியத்தை அரசுக் கணக்கில் வாங்கச் செய்ததோடு, நிவாரணப் பணிகளையும் தாராளமாகத் திறந்தார். தனியார் வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பதில் உறுதியாக இருந்த வைசிராய் லிட்டனுக்கு இவ்விரண்டும் உவப்பாக இல்லை. செலவைக் கட்டுக்குள் கொண்டுவர, சர் ரிச்சர்ட் டெம்பிளைப் பஞ்சப் பிரதிநிதியாக 1877 ஜனவரியில் தெற்கே அனுப்பினார். இந்தத் தேர்வில் ஒரு வினோதம் உண்டு. 1874 இல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது பர்மாவிலிருந்து பெருமளவு அரிசி தருவித்துச் சாவுகளை ஏறக்குறைய முற்றிலும் தடுத்தவர் இதே டெம்பிள். அந்த வெற்றிக்குக் கிடைத்த பரிசு, பணத்தை வாரியிறைத்தார் என்ற வசைதான். சென்னைக்கு வந்தவர் அந்த வசையைக் கழுவிக்கொள்ள வந்தவராகவே நடந்துகொண்டார்.

அவர் வகுத்த கூலி, ‘டெம்பிள் கூலி’ என்ற பெயரிலேயே வரலாற்றில் நிலைத்துவிட்டது. நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓரணாவும் தரப்பட்டன; ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம், அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பெண்களுக்கும் வேலை செய்யும் சிறுவர்களுக்கும் இதிலும் குறைவு. இதனோடு, வலுவுள்ளோர் தம் ஊரிலிருந்து பத்து மைல் தள்ளியிருக்கும் பணிமுகாமுக்குச் சென்றால்தான் சேர்க்கப்படுவர் என்ற தொலைவு விதியும் புகுந்தது. குறைந்த கூலி, கடும் உழைப்பு, ஊரைவிட்டு நீங்கும் கட்டாயம் ஆகிய மூன்றையும் ஒருவர் ஏற்றுக்கொண்டால் அவருடைய தேவை மெய்யானது என்று பொருள். இதுவே ‘வேலைச் சோதனை’ எனப்பட்ட முறையின் தருக்கம். ஏமாற்றுவோரை விலக்க வகுக்கப்பட்ட இச்சோதனை, பல வாரங்களாகப் பட்டினி கிடந்து பத்து மைல் நடக்க இயலாதவர்களையும் அதே கண்டிப்போடு விலக்கியது என்பதில்தான் அதன் பிழை இருந்தது.

இதை அறிவியல் அடிப்படையில் எதிர்த்தவர் மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். கடின உழைப்பு செய்யும் உடலுக்கு ஒன்றரை ராத்தல் தானியமும், அதற்குமேல் பருப்பும் காய்கறியும் இன்றியமையாதவை என்று சிறைச்சாலை உணவு அளவுகளைப் பற்றிய தம் அனுபவத்தைக் கொண்டு அவர் வாதிட்டார். உடல் இளைத்து வருபவனின் எடைக்குறைவு உடனே வெளியே தெரியாது, தெரியவரும்போது காப்பாற்றும் காலம் கடந்திருக்கும் என்ற அவருடைய மருத்துவ வாதத்துக்கு டெம்பிளிடம் மறுமொழி இல்லை. ஒரு ராத்தல் போதாது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று மட்டுமே அவர் திரும்பத் திரும்பக் கூறினார். 1877 மார்ச்சில் சென்னை அரசு இருவருக்கும் நடுவே நின்று ஒன்றேகால் ராத்தல் தானியமும் சிறிது பருப்பும் என உயர்த்தியது. அதே ஆண்டின் தொடக்கத்தில் பம்பாய் மாகாணத்தில், கூலிக் குறைப்பை ஏற்க மறுத்து நிவாரணத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகப் பணித்தளங்களை விட்டு வெளியேறினர். பூனாவின் சார்வஜனிக சபை அவர்களுக்காக அரசுக்கு முறையீடுகள் எழுதியது. பசியில் இருப்பவர்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்ய முடியும் என்பதை ஆட்சியாளர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. சென்னை நிகழ்வுகளை நாளிதழ் ஆசிரியராக இருந்து கவனித்த வில்லியம் டிக்பி, அடுத்த ஆண்டிலேயே இரு தொகுதிகளாக அவற்றைப் பதிவுசெய்து வெளியிட்டதால், இந்த விவாதத்தின் நுணுக்கங்கள் அரசுக் கோப்புகளுக்கு வெளியிலும் நிலைத்தன.

பணி செய்ய இயலாத முதியோர், நோயுற்றோர், குழந்தைகள் ஆகியோருக்குக் கஞ்சித் தொட்டிகள் இருந்தன. பணித்தளங்களிலோ பெரும்பாலும் சாலைக்குக் கல்லுடைத்தலும் மண் வேலையுமே நடைபெற்றன. பயன் கருதித் திட்டமிடப்பட்டவை சில. அவற்றுள் நகரவாசிகள் நன்கறிந்தது, சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து 1877–78 இல் வெட்டப்பட்ட எட்டு கிலோமீட்டர் அளவிலான கால்வாய்ப் பகுதி. 1806 இல் பேசில் காக்ரேன் எண்ணூரை நோக்கித் தொடங்கிய கால்வாயும் தெற்கே செல்லும் கால்வாயும் இதனால் ஒன்றாயின. முழு நீர்வழிக்கும் ஆளுநரின் பெயரே சூட்டப்பட்டுப் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. வெட்டியவர்களின் பெயர்கள் கூலிப் பட்டியல்களோடு மறைந்தன. பணித்தளங்களையும் நம்பாதவர்கள் கடல் கடந்தனர்: இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்க் கூலியாட்களின் எண்ணிக்கை இந்தப் பஞ்ச ஆண்டுகளில் வெகுவாக உயர்ந்தது. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. 1881 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை 1871 ஐவிடக் குறைந்திருந்தது.

இந்த அழிவின் விளைவாக சர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சியின் தலைமையில் அமைக்கப்பட்ட பஞ்ச ஆணையம் 1880 இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் அடிப்படையில் 1883 இல் வரைவுப் பஞ்சவிதித் தொகுப்பு மாகாணங்களுக்கு அனுப்பப்பட, ஒவ்வொரு மாகாணமும் தனக்கெனப் பஞ்சவிதிகளை எழுதிக்கொண்டது. கிராம அதிகாரிகள் விலைவாசி, பயிர், மக்களின் இடப்பெயர்வு ஆகியவற்றைப் பற்றி அறிக்கை அனுப்ப வேண்டும். ஐயம் எழுந்தால் மாவட்ட ஆட்சியர் ‘சோதனைப் பணி’ ஒன்றைத் திறக்க வேண்டும். அங்கே கூட்டம் பெருகினால் பஞ்சம் வந்துவிட்டதென்று கொண்டு பெரும்பணிகளைத் தொடங்க வேண்டும். காய்ச்சல் கண்டவனின் நாவின்கீழ் வைக்கும் வெப்பமானியைப் போல, கூலிக்கு வரும் மக்களின் எண்ணிக்கையே நாட்டின் துன்பத்தை அளக்கும் கருவியாயிற்று. கூலி உடல்நலத்தைக் காக்கப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதை ஆணையம் ஏற்றது. டெம்பிள் கூலியின் காலம் அவ்வகையில் முடிந்தது எனலாம்.

ஆனால் ஒரு கதவை ஆணையம் கவனமாகச் சாத்தியது. பஞ்சத்தில் உதவி கோருவது ஏழையின் உரிமை என்று ஒப்புக்கொண்டால், எல்லாக் காலங்களிலும் உதவி கோரும் உரிமை அவனுக்கு உண்டு என்ற முடிவுக்கே அது இட்டுச்செல்லும் என்று அறிக்கை வெளிப்படையாக அஞ்சியது. இதனால் பஞ்சவிதிகள் அதிகாரிகளுக்கு இடப்பட்ட கட்டளைகளாக அமைந்தனவே தவிர, மக்கள் சுட்டிக்காட்டி வழக்காடக்கூடிய சட்டமாக அமையவில்லை. 1943 இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் இறந்துகொண்டிருந்தபோது மாகாண அரசு பஞ்சத்தை அறிவிக்காமலேயே இருந்துவிட முடிந்தது இந்த இடைவெளியால்தான்.

சாத்தப்பட்ட கதவு மகாராஷ்டிரத்தில் திறந்தது. 1970 முதல் 1973 வரை நீடித்த வறட்சியில் அம்மாநிலத்தின் நிவாரணப் பணிகளில் உச்ச மாதங்களில் ஐம்பது லட்சத்தை நெருங்கிய மக்கள் கல்லுடைத்தும் ஏரிக்கரை கட்டியும் பிழைத்தனர். வேலையும் உரிய கூலியும் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் அரசை ஓயவிடவில்லை. சட்டமேலவைத் தலைவராக இருந்த வி. ச. பாகே, 1965 இல் சாங்க்லி மாவட்டத்தின் தாஸ்காவ் வட்டாரத்தில் சிறிய அளவில் நடந்த முயற்சியை முன்மாதிரியாகக் கொண்டு, கேட்டவர்க்கெல்லாம் வேலை என்ற திட்டத்தை வலியுறுத்திவந்தார். 1972 இல் தொடங்கிய அந்த வேலை உறுதித் திட்டம் 1977 இல் சட்டமாகி, 1979 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. வேலை தரத் தவறினால் உதவித்தொகை தர அரசு கடமைப்பட்டது. செலவின் ஒரு பகுதி நகரங்களில் சம்பளம் பெறுவோர் செலுத்தும் தொழில்வரியிலிருந்து வந்தது. ஆணையம் 1880 இல் அஞ்சியது ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஒரு மாநிலத்தின் சட்டநூலில் ஏறிற்று.

கூலியைப் பற்றிய பழைய வழக்கோ தனிப்பாதையில் சென்றது. பஞ்ச நிவாரணப் பணியாளர்களுக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா என்று ராஜஸ்தான் 1964 இல் ஒரு விலக்குச் சட்டம் இயற்றியிருந்தது. அதன் துணையோடு சாலைப் பணி ஒன்றில் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகக் கொடுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட சஞ்ஜித் ராய் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1983 இல் தீர்ப்பளித்தது. நிவாரணம் என்ற பெயர் இருப்பதால் உழைப்பு தருமமாகிவிடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். கார்னிஷின் வாதத்துக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு சட்டத்தின் மொழி கிடைத்தது. அதே மாநிலத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு, 1990களில் வருகைப் பதிவேடுகளை ஊர்ப் பொதுவில் உரக்கப் படித்து, செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் கூலி பெற்றதாக எழுதப்பட்டிருப்பதை அம்பலப்படுத்தியது. ஏழையைச் சோதிக்கப் பிறந்த பதிவேடு, அதிகாரியைச் சோதிக்கும் சான்றாக மாறிய இந்த நிகழ்வே பின்னர் ‘சமூகத் தணிக்கை’ என்ற பெயரில் சட்டத்துக்குள் வந்தது.

2005 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், ஆண்டுக்கு நூறு நாள் வேலையை ஊரகக் குடும்பங்களின் சட்ட உரிமையாக்கியது. 2006 பிப்ரவரி 2 அன்று இருநூறு மாவட்டங்களில் அது தொடங்கியது; தொடக்க விழா நடந்த பண்ட்லபள்ளி இருப்பது அனந்தபுரம் மாவட்டத்தில். தாது வருடத்தில் கடுமையாக அடிபட்ட பழைய பல்லாரி மாவட்டத்திலிருந்து 1882 இல் பிரிக்கப்பட்டது அம்மாவட்டம். தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு மாவட்டங்கள் முதற்கட்டத்தில் இடம்பெற்றன. ‘நூறு நாள் வேலை’ என்றே மக்கள் அழைக்கும் இத்திட்டத்தில் ஏரியும் வரத்துக்கால்வாயும் தூர்வாரச் சென்றோரில் இங்கே மிகப் பெரும்பாலோர் பெண்களாக இருந்தனர். டெம்பிளின் பத்து மைல் விதி இச்சட்டத்தில் தலைகீழாயிற்று: வேலை ஐந்து கிலோமீட்டருக்குள் தரப்பட வேண்டும் என்றும், அதற்கு அப்பால் என்றால் கூலியில் பத்து விழுக்காடு கூடுதலாகத் தரப்பட வேண்டும் என்றும் அது விதித்தது. ஒப்பந்ததாரர்களுக்கு அதில் இடமிருக்கவில்லை, ஆட்களின் உழைப்புக்கு மாற்றாகும் இயந்திரங்களுக்கும் இடமிருக்கவில்லை.

தொலைவுச் சோதனை இவ்வாறு ஒழிந்தது. உழைப்புச் சோதனை ஓரளவு மிஞ்சியது. கூலியில் மட்டும் சட்டம் பின்வாங்கிற்று. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எதுவாயினும் மத்திய அரசு இத்திட்டத்துக்கெனத் தனிக் கூலியை அறிவிக்கலாம் என்று அதன் 6 ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு இடமளித்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு 2009 ஜனவரியில் கூலி தனியே வரையறுக்கப்பட்டது. மாநிலங்களின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்கலாகாது என்று 1983 ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி வழக்குகள் எழுந்தன. 2011 இல் கர்நாடக உயர் நீதிமன்றம் குறைந்தபட்சக் கூலியைத் தர வேண்டும் என்றது. அதே ஆண்டில் மத்திய அரசு இத்திட்டக் கூலியை வேளாண் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்தத் தொடங்கியது. பல மாநிலங்களில் அவ்வாறு திருத்தப்பட்ட கூலியும் அந்த மாநிலத்தின் வேளாண் குறைந்தபட்சக் கூலியை எட்டவில்லை.