நியூ ஹார்மனி: ஒரு சமத்துவக் குடியேற்றத்தின் தோற்றமும் சிதைவும்

நியூ ஹார்மனி என்பது அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், வாபாஷ் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர். தனிச்சொத்து இல்லாமல் அனைவரும் உழைத்து, கிடைப்பதைச் சமமாகப் பகிர்ந்து வாழும் குடியேற்றம் ஒன்றை 1825 முதல் 1827 வரை இங்கே உருவாக்க ராபர்ட் ஓவன் முயன்றார். 'ஹார்மனி' என்ற சொல்லுக்கு ஒத்திசைவு என்று பொருள். ஆனால் இரண்டரை ஆண்டுகளுக்குள் அக்குடியேற்றம் பல குழுக்களாகப் பிரிந்து கலைந்தது. இதே வீடுகளிலும் வயல்களிலும் அதற்கு முன் பத்தாண்டுகள் வேறொரு கூட்டுச் சமூகம் செழிப்பாக வாழ்ந்திருந்தது. ஆகவே இத்தோல்விக்குப் பொதுவுடைமையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. யாரைச் சேர்ப்பது, யார் முடிவெடுப்பது, உழைப்பை எப்படி அளப்பது ஆகியவற்றில் உடன்பாடு ஏற்படுவதற்கு முன்பே சமத்துவம் அறிவிக்கப்பட்டதே முதன்மையான காரணம் எனலாம்.

முன்னோடிகள்: ராப்பின் சமூகம்

இவ்வூரை உருவாக்கியவர்கள் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியிலிருந்து வந்த ஒரு கிறித்தவப் பிரிவினர். திருச்சபையோடு முரண்பட்டு வெளியேறிய அவர்களுக்கு ஜார்ஜ் ராப் தலைவராக இருந்தார். முதலில் பென்சில்வேனியாவில் குடியேறிய அவர்கள், 1814-இல் இண்டியானாவுக்கு வந்து காட்டைத் திருத்தி ஊர் அமைத்தனர். வேளாண்மையோடு நெசவு, மது வடித்தல் முதலிய தொழில்களையும் நடத்தி, விளைபொருள்களை ஆற்று வழியே தொலைதூரச் சந்தைகளுக்கு அனுப்பினர்.

சொத்து முழுவதும் பொதுவாக இருந்தது. ஆயினும் அங்கே சமத்துவம் நிலவியது என்று கூற முடியாது. ராப்பின் சொல்லே இறுதியானது. கிறிஸ்துவின் வருகை அண்மையில் உள்ளது என்ற நம்பிக்கையில் அவர்கள் துறவொழுக்கத்தை மேற்கொண்டிருந்தனர். ஒரே மதம், ஒரே மொழி, ஒரே தலைவர் என்ற மூன்றும் அவர்களைப் பிணைத்திருந்தன. 1824-இல் ஊரை விற்றுவிட்டு மீண்டும் பென்சில்வேனியாவுக்குத் திரும்ப அவர்கள் முடிவு செய்தனர்.

ஓவனின் கொள்கை

ராபர்ட் ஓவன் 1771-இல் வேல்சில் பிறந்தவர். 1800 முதல் ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் நூற்பாலையை நிர்வகித்தார். பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களை அவர் வேலைக்கு எடுக்கவில்லை. தொழிலாளர் குடியிருப்பைச் சீர்படுத்தினார். 1816-இல் பள்ளி தொடங்கினார். ஆலை இலாபத்திலும் நடந்ததால் ஐரோப்பா எங்கும் அவர் புகழ் பரவியது.

மனிதனின் குணத்தை அவனது சூழ்நிலையே உருவாக்குகிறது என்பது ஓவனின் அடிப்படைக் கொள்கை. நல்ல சூழலை அமைத்துவிட்டால் நல்ல மனிதர்கள் தாமாகவே உருவாவர் என அவர் நம்பினார். ஆனால் நியூ லனார்க்கில் அவர் முதலாளி. அங்கிருந்தோர் ஊதியம் பெறும் தொழிலாளர்கள். அங்கே கிடைத்த ஒழுங்கு, சமமானவர்கள் கூடிப் பேசி உருவாக்கிய ஒழுங்கு அல்ல.

திறந்த அழைப்பு

1825 ஜனவரியில் ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலத்தையும் ஏறக்குறைய 180 கட்டடங்களையும் ஓவன் விலைக்கு வாங்கினார். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வாஷிங்டனில் பிரதிநிதிகள் அவை மண்டபத்தில் தம் திட்டத்தை விளக்கி இருமுறை உரையாற்றினார். விருப்பமுள்ளோர் யாரும் வரலாம் என அழைப்பு விடுத்தார். சில வாரங்களில் ஏறத்தாழ 800 பேர் கூடிவிட்டனர். கொள்கைப் பற்றுள்ளோர், கைவினைஞர், அறிஞர் ஆகியோருடன் வேறு போக்கிடம் இல்லாதோரும் உழைக்க விரும்பாதோரும் வந்து சேர்ந்தனர்.

அழைப்பு 'அனைவருக்கும்' என்றாலும் கறுப்பின மக்கள் உறுப்பினராக முடியாது என 1825 மே மாதத்து அமைப்புச் சட்டம் விலக்கி வைத்தது. சமத்துவம் பேசிய ஊரின் வாசலிலேயே இந்த வேலி இருந்தது.

அந்த அமைப்புச் சட்டப்படி மூன்றாண்டுகள் தயாரிப்புக் காலமாக இருக்கும்; அதன் பின்னரே முழுச் சமத்துவம் வரும். நிலம் அதுவரை ஓவனிடமே இருக்கும். உறுப்பினரின் உழைப்பு கடைக்கணக்கில் வரவாகவும், வாங்கும் பொருள் பற்றாகவும் எழுதப்படும். இந்த ஏற்பாட்டை அறிவித்த ஓவன் ஜூன் மாதத்திலேயே இங்கிலாந்து சென்றுவிட்டார். பொறுப்பு இருபத்திரண்டு வயது நிரம்பிய அவர் மகன் வில்லியமிடம் வந்தது.

முதல் ஆண்டின் நெருக்கடிகள்

வந்தவர்களுக்கு வீடுகள் போதவில்லை. ஆட்கள் ஏராளமாக இருந்தும் தொழில் தெரிந்தவர் குறைவு. தகுந்த ஆள் இல்லாமல் சாயப்பட்டறை, மட்பாண்டத் தொழிலகம் போன்றவை முடங்கின. வேலிகள் பழுதுபார்க்கப்படாததால் பன்றிகள் தோட்டங்களில் புகுந்து பயிரை அழித்தன. நடனமும் இசையும் சொற்பொழிவும் வாரந்தோறும் தவறாமல் நடந்தன. விளைச்சலோ உண்போருக்குப் போதவில்லை. பற்றாக்குறையை ஓவனின் சொந்தப் பணமே ஈடுகட்டியது.

பெண்களின் நிலை தனியாகக் கவனிக்கத்தக்கது. அவர்களுக்கு வாக்குரிமையும் கல்வியும் பற்றிப் பேசப்பட்டது. ஆனால் சமையல், துவைத்தல், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றோடு பொதுப் பணியும் அவர்கள் மீதே விழுந்தது. வீட்டு வேலையைக் கணக்கில் எழுதும் முறை சரியாக வகுக்கப்படாததால் அவர்களிடையே மனக்குறை வளர்ந்தது.

அவசரச் சமத்துவமும் பிளவுகளும்

1826 ஜனவரியில் ஓவன் திரும்பினார். அதே மாதம் நிலவியலாளர் வில்லியம் மக்லூர், விலங்கியலாளர் தாமஸ் சே முதலிய அறிஞர்கள் ஒரே படகில் வந்து சேர்ந்தனர். அப்படகு 'அறிவுப் படகு' என்று பெயர் பெற்றது. உற்சாகம் மிகுந்த அச்சூழலில், மூன்றாண்டுத் தயாரிப்பு ஒன்பது மாதங்களிலேயே கைவிடப்பட்டது. பிப்ரவரி 5 அன்று 'சமத்துவச் சமூகம்' அறிவிக்கப்பட்டது. சில வாரங்களிலேயே நிர்வாகம் தடுமாற, உறுப்பினர்கள் ஓவனையே பொறுப்பேற்குமாறு வேண்டினர்.

பிளவுகளும் உடனே தொடங்கின. ஒரு பிரிவினர் விலகி மக்லூரியா என்ற குடியிருப்பை அமைத்தனர். ஆங்கிலேய விவசாயிகள் ஃபைபா பெவெலி என்ற மற்றொன்றை அமைத்தனர். அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுத்துகளாக மாற்றி உருவாக்கிய பெயர் அது. 1826 ஜூலை 4 அன்று தனிச்சொத்து, பகுத்தறிவுக்குப் பொருந்தாத மதம், அவற்றின் அடிப்படையிலான திருமணம் ஆகிய மூன்றும் மனிதகுலத்தின் தீமைகள் என ஓவன் உரையாற்றினார். இது சமயப் பற்றுள்ள உறுப்பினர்களையும் வெளியுலகத்தையும் ஒருசேரப் பகைத்தது. ஓவனுக்கும் மக்லூருக்கும் இடையிலான பணத்தகராறு நீதிமன்றம் வரை சென்றது. 1827 கோடையில் ஓவன் ஊரைவிட்டு வெளியேறினார். அவரது செல்வத்தின் பெரும்பகுதி இம்முயற்சியில் கரைந்திருந்தது.

தோல்வி கற்பித்தவை

இக்குடியேற்றத்தில் வாழ்ந்த ஜோசையா வாரன், தனிமனித வேறுபாட்டைக் கூட்டுச்சொத்து நசுக்கியதே தோல்விக்குக் காரணம் என்று கருதினார். ஆனால் ராப்பின் சமூகம் கூட்டுச்சொத்தோடு நெடுங்காலம் நிலைத்தது. அவர்களிடம் இருந்த பிணைப்பு ஓவனின் ஊரில் இல்லை; அதற்கு ஈடாகத் தெளிவான விதிகளும் இல்லை. மற்றொரு சிக்கல் உடைமை பற்றியது. நிலம் ஒருவர் பெயரில் இருந்ததால் 'நாங்கள் பங்காளிகளா, விருந்தினரா?' என்ற ஐயம் உறுப்பினர்களுக்குத் தீரவே இல்லை. இழப்பை ஒருவர் ஈடுகட்டியதால் கணக்கைச் சரிபார்க்கும் கட்டாயமும் யாருக்கும் ஏற்படவில்லை.

அதே வேளையில் ராப்பின் வழியையும் தீர்வாகக் கொள்ள இயலாது. அங்கே ஒற்றுமைக்கு விலையாகக் கீழ்ப்படிதல் கேட்கப்பட்டது. புதிய தலைமுறை உருவாகாத அச்சமூகமும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தது. விருப்பத்தோடு கூடுவோர், கட்டளை இன்றியே ஒத்துழைப்பது எப்படி என்ற கேள்விக்கு இரண்டு முயற்சிகளும் விடை தரவில்லை.

பின்விளைவுகள்

அவ்விடைக்கு நெருங்கி வந்தவர்கள், 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை தொடங்கிய தொழிலாளர்கள். ஓவனின் கருத்துகளால் தூண்டப்பட்ட அவர்கள் முழு வாழ்க்கையையும் பொதுவாக்க முனையவில்லை. ஒரு கடையை மட்டும் பொதுவாக்கி, ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ப இலாபப் பங்கு என விதிகளை எழுதி வைத்தனர். இந்த முன்மாதிரி உலகெங்கும் பரவியது. 1904-இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அம்மரபைச் சார்ந்ததே.

நியூ ஹார்மனியிலும் எல்லாம் அழிந்துவிடவில்லை. ஓவனின் மகன் ராபர்ட் டேல் ஓவன் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி, 1846-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவாகப் பாடுபட்டார். மற்றொரு மகன் டேவிட் டேல் ஓவன் புகழ்பெற்ற நிலவியலாளரானார். உழைப்பாளர்களுக்காக 1838-இல் மக்லூர் நிறுவிய நூலகம் இன்றும் அவ்வூரில் இயங்கி வருகிறது.