ஆமைக்கு எது விளையாட்டுப் பொருள்? சிறுமலை அடிவார நிலத்தை அளவுகோலாகக் கொண்டு ஒரு வாதம்

நகரத்து மீன்தொட்டிக் கடைகளில் ஆமைக்கென்று விற்கும் பொருள்களைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். பிளாஸ்டிக் தென்னை நட்ட குட்டித் தீவு, பளிச்சென்ற நீலமும் சிவப்புமான கூழாங்கற்கள், கோட்டை, பாலம், மிதக்கும் பந்து எல்லாமே காசு கொடுப்பவரின் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. தொட்டிக்குள் இருக்கும் உயிர் அவற்றால் என்ன செய்யும் என்ற கேள்வி அவற்றைச் செய்தவரிடமும் எழவில்லை, வாங்குபவரிடமும் எழுவதில்லை. ஆமை வளர்ப்பில் விளையாட்டுப் பொருளையும் சூழல் செறிவூட்டலையும் (விலங்கு தன் இயல்புப்படி நடந்துகொள்ள இடம் தரும் ஏற்பாடுகளையும்) தேர்வதற்கு ஒரு அளவுகோல் வேண்டும் என்றால், அந்த ஆமை பிறந்த நிலத்தில் அதன் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதே அந்த அளவுகோலாக இருக்க முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம். சிறுமலையின் அடிவாரத்தையும் திண்டுக்கல் சமவெளியையும் போன்ற வறண்ட முட்புதர் நிலமே நம் நட்சத்திர ஆமைக்கு உரிய வாழிடம். ஆகவே அந்நிலத்தையே சான்றாக வைத்து இதைப் பேசலாம்.

ஆமைக்கு எதுவும் தேவையில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஐம்புலன் அடக்கத்துக்கு வள்ளுவர் காட்டிய உவமை ஆமை. தலையையும் நான்கு கால்களையும் உள்ளிழுத்துக்கொண்டு சும்மா கிடக்கும் உருவமே நம் மனத்தில் ஆமையாகப் பதிந்துவிட்டது. மறுபக்கம், ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற நம்பிக்கை நெடுங்காலம் அதை வீட்டுக்கு வெளியே நிறுத்தியது; அறிந்தோ அறியாமலோ அது ஆமைக்கு ஒரு காவலாகவும் இருந்தது. இன்று அந்த நம்பிக்கை தலைகீழாகி, ஆமை செல்வம் சேர்க்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அஞ்சி ஒதுக்கியவரும் ஆசைப்பட்டு வாங்கியவரும் ஆமையை ஒரு குறியாகத்தான் கண்டார்கள். பசியும் சூடும் அச்சமும் ஆர்வமும் உள்ள விலங்காக அதைக் காண்பதற்கு அறிவியலுக்கே வெகுகாலம் பிடித்தது.

அந்தப் பார்வையைத் திருப்பிய சான்றுகளில் முக்கியமானது வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிச் சாலையில் இருந்த ஒரு நைல் மென்னோட்டு ஆமையின் கதை. பிக்ஃபேஸ் என்று அழைக்கப்பட்ட அது பல பத்தாண்டுகளாகத் தனித்து வாழ்ந்தது. தன் நகங்களால் தன் கழுத்தையே கீறிக்கொள்ளும், முன்கால்களைக் கடித்துக்கொள்ளும். புண்கள் ஆறாமல் தொற்று ஏற்படும். அதன் தொட்டிக்குள் பந்து, குச்சி, வளையம், குழாய் ஆகியவற்றைப் போட்ட பிறகு அது பந்தை மூக்கால் தள்ளித் துரத்தியது, வளையத்துக்குள் நீந்தியது, குழாயைக் கடித்து இழுத்தது; தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது வெகுவாகக் குறைந்தது. கார்டன் பர்கார்ட்டும் அவருடைய உடனாய்வாளர்களும் இதை 1996-இல் வெளியிட்டார்கள். ஊர்வனவும் விளையாடும் என்பதற்கான சான்றாக இதைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அது சரியே. ஆனால் இந்த ஆய்விலிருந்து ‘ஆமைக்குப் பந்து நல்லது’ என்ற முடிவுக்குத் தாவுவது தவறு. மென்னோட்டு ஆமை ஆற்றில் நீந்தி இரை பிடிக்கும் வேட்டைக்காரன். நகர்ந்து தப்பும் ஒன்றைத் துரத்துவது அதன் வாழ்வின் மையம். பந்து அந்த இடத்தை நிரப்பியது. புல் மேயும் நட்சத்திர ஆமையின் முன் அதே பந்தை வைத்தால் அது ஒரு தடங்கல் மட்டுமே. கழுத்தைக் கிழித்துக்கொள்ளும் அளவுக்கு வெற்றுத் தொட்டி ஒரு விலங்கை வதைக்கும் என்பதே பிக்ஃபேஸ் உறுதியாகக் காட்டிய உண்மை.

இதை இன்னும் தெளிவாக்குகிறது 2005-இல் கேஸ், லூபார்ட், டோயர் மூவரும் கிழக்கத்திய பெட்டி ஆமைகளைக் கொண்டு செய்த ஆய்வு. ஒரு பகுதி ஆமைகளை வெற்றுக் கூண்டிலும், மறுபகுதியைத் தோண்டிப் புதையத் தரைப்பொருளும் ஒளிய இடமும் உள்ள கூண்டிலும் வைத்தார்கள். வெற்றுக் கூண்டில் இருந்தவை தப்பிக்கும் முயற்சியிலேயே அதிக நேரம் செலவிட்டன. உடல் நெருக்கடியின் அறிகுறியாகக் கொள்ளப்படும் வெள்ளணு விகிதமும் அவற்றில் உயர்ந்திருந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள விட்டபோது ஆமைகள் செறிவான இடத்தையே நாடின. செறிவான கூண்டில் இருந்தவை மண்ணுக்கு ஈடான ஒன்றும் மறைவான ஒரு மூலையுமே. பந்தோ வண்ணப் பொம்மையோ அங்கே இல்லை. நம் வீடுகளில் தொட்டிக் கண்ணாடியின் ஓரமாகவே முன்கால்களால் பிறாண்டியபடி மணிக்கணக்கில் நீந்தும் ஆமையைப் பார்த்து, “என்னைப் பார்த்ததும் எவ்வளவு சந்தோஷமா ஓடிவருது!” என்று சொல்பவர்கள் இந்த ஆய்வை நினைவில் கொள்ள வேண்டும். அந்தப் பிறாண்டல் பெரும்பாலும் வெளியேற வழி தேடுவது.

இனி நிலத்துக்கு வருவோம். சிறுமலையின் மேற்பகுதி குளிர்ந்தது. காப்பியும் மிளகும் வாழையும் விளைவது. இறங்க இறங்கக் காடு மெலிந்து, சமவெளியைத் தொடும் இடத்தில் செம்மண்ணும் கற்பாறையும் உடைமரமும் கிளுவை வேலியும் இலந்தைப் புதருமாக மாறுகிறது. வருவாய்ப் பதிவேட்டு மொழியில் இத்தகைய நிலத்தின் பெரும்பகுதி தரிசு. நட்சத்திர ஆமைக்கோ இது மிகச் செறிவான வீடு. மழைக்காலத்தில் அது காலையில் வெளிவந்து வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொள்கிறது. ஈரப் புல்லை மேய்கிறது. உதிர்ந்த பூவையும் பழத்தையும் தேடிப் போகிறது. உச்சிவேளையில் புதரடிக்கு ஒதுங்கி, வெயில் தாழ்ந்ததும் மறுபடி கிளம்புகிறது. கோடையில் புல் கொத்தின் அடியிலோ புதர் மறைவிலோ வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். மழை விழுந்தால் எழும். பெண் ஆமை பின்கால்களால் குழி தோண்டி, இறுகிய மண்ணைத் தன் சிறுநீரால் நெகிழ்த்தி முட்டையிட்டு, கவனமாக மூடிவிட்டுப் போகிறது.

இந்த நாளில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முடிவு இருக்கிறது: வெயிலா நிழலா, மேயலாமா பதுங்கலாமா, இந்தப் புதரா அடுத்ததா. நாய்க்கும் பூனைக்கும் உடற்சூடு உள்ளிருந்தே வருகிறது. ஆகவே அவற்றின் விளையாட்டு வாழ்வின் மேல் ஒரு கூடுதல். ஆமையோ புறவெப்ப உயிரி. செரிமானமும் நோய் எதிர்ப்பும் அது தன் உடலை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்பதைப் பொறுத்தே நடக்கின்றன. எங்கும் ஒரே சூடாக இருக்கும் தொட்டியில் அடைத்தால், அதன் உடலியக்கத்தையே அதன் கையிலிருந்து பறித்துவிடுகிறோம். எனவே ஆமைக்கான முதல் செறிவூட்டல், ஒரு முனையில் சூடும் மறுமுனையில் குளிர்ச்சியும் இடையில் பல படிகளும் உள்ள இடம். சூடு கூடிய பக்கத்தில் நேரடி வெயிலோ புற ஊதாக் கதிர் விளக்கோ வேண்டும். சாளரக் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரிதும் தடுத்துவிடும். ஈரமும் இப்படித்தான். வீஸ்னரும் ஈபனும் 2003-இல் ஆப்பிரிக்கச் சுல்காட்டா ஆமைக் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தபோது, வறண்ட காற்றில் வளர்ந்தவற்றின் ஓடே கூம்பு கூம்பாகக் கோணியது. வறண்ட நிலத்து ஆமைக்கும் பகலில் ஒதுங்க ஈரமான மறைவிடம் வேண்டும் என்பதற்கு இது வலுவான சான்று. (நட்சத்திர ஆமையின் ஓட்டில் இயல்பாகவே மேடுகள் உண்டு, அதைக் குறையாகக் கொள்ளக் கூடாது.) உணவிலும் நிலமே வழிகாட்டி. புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழம் மனிதருக்கு அருமையானது; நார்ப்புல்லுக்கென்று அமைந்த குடலுக்கு அதை நாள்தோறும் ஊட்டுவது அன்பாகாது. முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மட்டையையும் அறுகம்புல்லையும் இடத்தை மாற்றி மாற்றி, பாதி மறைத்து வைத்தால் தேடும் வேலையும் சேர்ந்து கிடைக்கும்.

இந்த அளவுகோலுக்கு எதிராக எழும் வாதங்களில் கனமானது இது: அந்த நிலம் அவ்வளவு இனியதா? பஞ்சம், கீரி, நரி, லாரிச் சக்கரம் எல்லாம் அங்கே இருக்கின்றனவே. காட்டில் நடப்பதெல்லாம் நல்லது என்று கொள்வது மயக்கம் அல்லவா? இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆயினும் நிலத்திலிருந்து நாம் எடுப்பது துன்பத்தை அல்ல, தேர்வை. கோடையின் பட்டினியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. கோடையில் ஒதுங்கும் உரிமையைக் கொண்டுவர வேண்டும். அடுத்த மறுப்பு, கூண்டிலேயே பொரித்த குஞ்சுக்குக் காடு தெரியாது, தெரியாததற்கு அது ஏங்காது என்பது. ஆமைக் குஞ்சைத் தாய் வளர்ப்பதில்லை. காட்டில் பொரித்ததும் யாரும் கற்றுத்தராமலே மறைவிடம் தேடி, வெயில் காய்ந்து, இலை கடிக்கிறது. கற்காமல் வருவதைக் கூண்டு அழித்துவிடாது, முடக்கத்தான் முடியும்.

மந்த அறிவுள்ள உயிருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஆய்வகமே விடை சொல்லிவிட்டது. 2007-இல் அன்னா வில்கின்சன் குழு எட்டுக் கிளைப் புதிர்ப்பாதையில் ஒரு செங்கால் ஆமையைச் சோதித்தபோது, ஏற்கெனவே உண்டு முடித்த கிளைக்குத் திரும்பாமல் இருக்க அது கற்றுக்கொண்டது. வியன்னா, சூரிச் விலங்குக்காட்சிச் சாலைகளில் பயிற்றுவிக்கப்பட்ட இராட்சத ஆமைகளில் சில, தாம் கற்ற பணியை 9 ஆண்டுகளுக்குப் பின்னும் மறக்கவில்லை. அவ்வளவு காலம் நினைவில் வைக்கும் உயிருக்கு, வெறுமையும் அவ்வளவு காலம் நீளும்.

அப்படியானால் நல்ல செறிவூட்டல் செய்து நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்க்கலாமா? கூடாது. வனவுயிர் (பாதுகாப்பு) சட்டத்தின் 2022 திருத்தம் அதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. பன்னாட்டு வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 2019-இல் அதை முதல் பின்னிணைப்புக்கு உயர்த்தியது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே வணிக மையத்தின் வழியாக மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து அள்ளப்பட்டதைப் பதிவு செய்தது. பிடித்து வருபவர்கள் பெரும்பாலும் அடிவார ஊர்களின் ஏழைகள். இலாபம் வேறு எங்கோ போகிறது. ‘நான் அன்பாகத்தானே வளர்க்கிறேன்’ என்ற வாதத்தை இங்கே ஏற்க இயலாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மேலே சொன்ன அளவுகோலின்படியே, புதருக்குப் புதர் அலைந்து மழைக்குக் காத்திருந்து வாழும் இவ்வுயிரின் பருவங்களை எந்த மொட்டை மாடியும் தர முடியாது. நம் ஊர்க் குளத்துப் பாலாமையும் முதல் அட்டவணை உயிரே. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் வறண்ட காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு 2022-இல் அறிவித்தது. முட்காடும் காக்கத் தக்கதே என்ற அந்த ஒப்புதல், எந்தப் பொம்மையையும் விட ஆமைக்கு மேலான கொடை.

வீடுகளில் எஞ்சுவது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புக் காது ஆமை. கடையில் நாணயம் அளவு பச்சைக் குஞ்சு. பெண் ஆமை வளர்ந்தால் ஓடு மட்டும் 25 செ.மீ. தாண்டும், 30 ஆண்டு வாழக்கூடும். அதன் நிலம் மெதுவாக ஓடும் ஆறும் குட்டையும். ஆகவே வண்ணக் கூழாங்கல் வேண்டாம். விழுங்கினால் குடல் அடைக்கும். நீந்தித் திரும்ப ஆழமான நீர், முழு உடலும் உலரும்படி ஏற ஒரு கரடுமுரடான மரக்கட்டை, அதன் மேல் வெயில், கடித்துத் தின்ன உயிருள்ள நீர்ச்செடி ஆகியவை போதும். தொட்டபின் கை கழுவ வேண்டும்: சால்மொனெல்லா கிருமி காரணமாகவே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது. சலித்துப்போனால் கோயில் தெப்பக்குளத்தில் விட்டுவிடுவது புண்ணியம் என்று நினைப்பவர்கள் உண்டு. உலகின் மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. குளத்தில் அது பாலாமையின் இடத்தையும் இரையையும் பறிக்கும். கேரளத்தில் பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றை மக்களிடமிருந்து பெற்றுக்கொள்ள முன்வந்தது. தமிழ்நாட்டிலும் மாவட்டந்தோறும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

செறிவூட்டலுக்குச் செலவிடும் காசும் கவனமும் உண்மையில் போக வேண்டிய இடம், பறிமுதல் செய்யப்பட்ட நட்சத்திர ஆமைகள் தங்கும் மீட்பு மையங்கள். கடத்தலில் பிடிபட்டவை நூற்றுக்கணக்கில் ஒரே நாளில் வந்து சேரும். அவை எந்தக் காட்டைச் சேர்ந்தவை என்று தெரியாமல் கண்ட இடத்தில் விட்டால், வெவ்வேறு பகுதிகளின் மரபணுக்கள் கலந்துவிடும், நோயும் பரவும். ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிவியலாளர்கள் மீட்கப்பட்ட ஆமைகளின் பிறப்பிடத்தை டி.என்.ஏ. வழியாகத் தேடியது இதற்காகத்தான். விடை கிடைக்கும்வரை அவை மாதக்கணக்கில் அடைபட்டே இருக்க நேர்கிறது. சிமென்ட் தரையில் கீரைக் கட்டை வீசிவிட்டுப் போவதற்கும், செம்மண் கொட்டி, கோரைக் கொத்தும் இலந்தைக் கிளையும் நட்டு, பாதி புதைத்த மண்பானையில் ஈரம் வைப்பதற்கும் செலவு வேறுபாடு மிகச் சிறிது. மீட்பு மையங்களுக்கான நடைமுறையில் தீவனத்துக்கும் மருந்துக்கும் பக்கத்திலேயே மண், நிழல், மறைவிடம் மூன்றும் ஆமை ஒன்றுக்கு இவ்வளவு என்று எழுதப்பட வேண்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர் அவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.